30 கவுண்ட், 150 ஜிஎஸ்எம், ஏக்யூஎல் 2.5: ஒரு டி-ஷர்ட்டின் ஜாதகம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு ஓர் ஆர்டர் வரும்போது கூடவே 'டெக்பேக்' என்ற விவரத் தொகுப்பும் வரும். என்ன துணி, என்ன அளவு, எந்தத் தையல், எத்தனை குறை வரை பொறுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்கு இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 30 கவுண்ட் கோம்ப்ட், சிங்கிள் ஜெர்சி, 150 ஜிஎஸ்எம், சுருக்கம் 5 சதவீதத்துக்குள், ஸ்பைராலிட்டி 5 சதவீதத்துக்குள், சைடு சீம் 504, ஏக்யூஎல் 2.5.

இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் ஒரே தொல்லையிலிருந்து பிறந்தவை. துணி சொன்ன இடத்தில் நிற்காது. இரும்புத் தகட்டை 70 செ.மீ. என்று வெட்டினால் நாளைக்கும் அது 70 செ.மீ.தான். துணி அப்படி இல்லை. இழுத்தால் நீளும், நனைத்தால் சுருங்கும், சும்மா விட்டாலும் ஓரம் சுருண்டுகொள்ளும்.

முதலில் கவுண்ட். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜ நீளச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்ற கணக்குதான் அது. 30 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 30 சிட்டம், அதாவது 25,200 கஜம். அதே எடையில் நீளம் கூடக்கூட நூல் மெலிகிறது. ஆகவே எண் பெரிதானால் நூல் சன்னம். செயற்கை இழைகளுக்குப் பயன்படும் டெனியர் இதற்கு நேர் எதிர்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பது அது. அங்கே எண் பெரிதானால் நூல் தடிமன். புதிதாக வேலைக்கு வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். 'கோம்ப்ட்' என்பது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பஞ்சில் நூற்றது. இழை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குறைவதால் துணி வழவழப்பாக இருக்கும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அதற்காக யாரும் ஒரு மீட்டர் துணியை வெட்டி வீணாக்குவதில்லை. 100 சதுர செ.மீ. பரப்புள்ள வட்டத் துண்டை வெட்டும் கட்டர் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தித் திருகினால் ஒரு வில்லை கிடைக்கும். அதை எடைபோட்டு 100-ஆல் பெருக்கினால் போதும். வில்லை 1.5 கிராம் என்றால் துணி 150 ஜிஎஸ்எம். நூல் அதே 30 கவுண்ட்தான் என்றாலும், பின்னலில் ஒவ்வொரு கண்ணிக்கும் செலவாகும் நூலின் நீளத்தைக் குறைத்தால் கண்ணிகள் நெருங்கி ஜிஎஸ்எம் ஏறும். அந்தக் கண்ணி நீளம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் சிறு மாற்றம் வந்தாலும் எடை மாறிவிடும்.

அடுத்தது சுருக்கம். சாயப்பட்டறையிலும் உலர்த்தும் இயந்திரத்திலும் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டேதான் ஓட்டுகிறார்கள். கண்ணிகள் நீண்டு ஒடுங்கி, அந்த நிலையிலேயே காய்ந்துவிடுகின்றன. பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த வடிவம் நிற்கிறது. வீட்டில் நனைத்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, இழையும் பருக்கிறது. இழுத்துப் பிடித்திருந்த கண்ணிகள் தங்கள் இயல்பான உருண்டை வடிவத்துக்குத் திரும்புகின்றன. நீளம் குறைவதும், சில சமயம் அகலம் சற்றுக் கூடுவதும் இதனால்தான். இதைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட, நீராவி கொடுத்துத் துணியை நீளவாக்கில் நெருக்கித் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் காம்பாக்டிங்.

சோதனை எளிது. துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்து, உலர்த்தி, மறுபடி அளப்பார்கள். 47.5 செ.மீ. வந்தால் சுருக்கம் 5 சதவீதம். அப்படியானால் துவைத்த பிறகு 70 செ.மீ. நீளம் வேண்டும் என்றால் பேட்டர்னில், அதாவது துணியை வெட்டப் பயன்படும் அளவு வடிவத்தில், எவ்வளவு வைக்க வேண்டும்? 70-உடன் 5 சதவீதம் கூட்டி 73.5 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 73.5-இல் 5 சதவீதம் போனால் 69.8-தான் மிஞ்சும். 70-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 73.7. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடலாம்தான். சுருக்கம் 10 சதவீதமாக இருந்தால் இதே தவறு 7 மில்லிமீட்டராகிவிடும்.

ஸ்பைராலிட்டி எனக்கு மிகவும் பிடித்த குறை. சில டி-ஷர்ட்டுகள் நாலு முறை துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருமே, அதுதான். தைத்தவர்மேல் பழியைப் போடுவோம். பெரும்பாலும் காரணம் நூலின் முறுக்கு. ஒற்றை நூல் எப்போதும் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும். கண்ணியாகப் பின்னிய பிறகும் அந்த உந்துதல் போகாது. தண்ணீர் பட்டு இறுக்கம் தளர்ந்ததும் ஒவ்வொரு கண்ணியும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. ஒற்றை முகப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் எல்லாக் கண்ணியும் ஒரே முகம் பார்த்திருப்பதால் சாய்வுகள் சேர்ந்துகொண்டே போகும். ரிப், இன்டர்லாக் துணிகளில் முன்முகக் கண்ணியும் பின்முகக் கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒன்றின் சாய்வை இன்னொன்று ஈடுகட்டிவிடும். பக்கத் தையல் 65 செ.மீ. இருந்து, துவைத்ததும் கீழ் ஓரத்தில் 3 செ.மீ. நகர்ந்திருந்தால் ஸ்பைராலிட்டி சுமார் 4.6 சதவீதம். வரம்புக்குள்தான், ஆனால் மயிரிழையில்.

இனி வெட்டும் மேசை. பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டமாட்டார்கள். இறுக்கம் போகச் சில மணி நேரம், பல இடங்களில் ஒரு நாள், தளர்வாகப் போட்டு வைப்பார்கள். அதன்பிறகு அடுக்கடுக்காக விரிப்பது 'லே'. அதன்மேல் எந்தத் துண்டு எங்கே என்று வரைந்த தாள் 'மார்க்கர்'. துணியில் எத்தனை பங்கு ஆடையாகிறது என்பது மார்க்கர் எஃபிஷியன்சி. ஆடையின் விலையில் துணிக்குத்தான் பெரும் பங்கு, ஆகவே இங்கே ஒரு சதவீதம் மிச்சப்படுத்தினாலும் பெரிய பணம். வெட்டிய துண்டுகளுக்கு அடுக்கு வரிசைப்படி எண் ஒட்டுவதற்கும் காரணம் உண்டு. ஒரே சாயத்தொட்டியில் இருந்து வந்த ரோல்களுக்குள்ளேயே நிறம் சற்று மாறலாம். முன்பக்கம் ஓர் அடுக்கிலிருந்தும் கை வேறு அடுக்கிலிருந்தும் வந்தால் வெயிலில் பார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

தையல்களுக்கு எண் பெயர்கள் உண்டு, ஐஎஸ்ஓ 4915 என்ற தரநிலையின்படி. சாதாரண லாக்ஸ்டிச் 301. ஊசி துணிக்குள் இறங்கி அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு இரண்டு மில்லிமீட்டரளவு மேலே ஏறுகிறது. துணியோடு உரசும் நூல் ஊசியோடு சேர்ந்து ஏற முடியாமல் பக்கவாட்டில் சிறு வளையமாகப் புடைக்கிறது. சுழலும் கொக்கியின் முனை சரியாக அந்த நொடியில் வந்து வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்றி இழுத்துப்போகிறது. வளையம் பாபினைக் கடந்ததும் மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொண்டன. தொழிற்சாலை இயந்திரங்களில் இது நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை நடக்கிறது. அந்த வளையம் சரியாக விழாவிட்டால் வருவதுதான் 'ஸ்கிப் ஸ்டிச்'.

301 உறுதியானது, ஆனால் நீளாது. இரு நூல்களும் துணியின் இரு பக்கமும் ஏறக்குறைய நேராகக் கிடக்கின்றன. டி-ஷர்ட்டின் பக்கத்தை இதில் தைத்தால் துணி நீளும், நூல் நீளாது, தையல் 'பட்' என்று தெறிக்கும். 504 என்பது மூன்று நூல் ஓவர்லாக். ஓரத்தைக் கத்தி வெட்டிக்கொண்டே போக, நூல்கள் வளைந்து வளைந்து அதைச் சுற்றுகின்றன. இழுக்கும்போது அந்த வளைவுகள் நிமிர்ந்து கொடுக்கின்றன.

தையல் லைனில், அதாவது ஆடை கைமாறிக் கைமாறித் தைக்கப்படும் இயந்திர வரிசையில், அதிகம் காதில் விழும் சொல் 'சாம்'. ஒரு வேலையை நிதானமான திறமையுள்ள ஒருவர் முடிக்க அனுமதிக்கும் நிமிடம் அது. ஒரு வேலை 30 விநாடி எடுக்கிறது, செய்பவரின் வேகம் 90 சதவீதம் என்றால் அடிப்படை நேரம் 27 விநாடி. ஓய்வு, நூல் அறுதல் ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 0.52 நிமிடம். ஆடையின் மொத்த சாம் 8 என்றால், 20 பேர் 480 நிமிடத்தில் கணக்குப்படி 1,200 தைக்க வேண்டும். 780 வந்தால் லைன் எஃபிஷியன்சி 65 சதவீதம். மீதி எங்கே போனது என்ற சண்டை மாலையில் நடக்கும். பெரும்பாலும் எல்லாரும் மெதுவாகச் செய்ததால் அல்ல, ஒரே ஒரு மெதுவான வேலையின் முன்னால் துண்டுகள் குவிந்துபோனதால்.

கடைசியில் ஏக்யூஎல் 2.5. மாதிரி எடுத்துப் பார்க்கும்போது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதற்கான தர வரம்பு அது. இதை நூற்றுக்கு இரண்டரை குறை வரலாம் என்று பலர் படிக்கிறார்கள். மாதிரி ஆய்வுக்கான ஐஎஸ்ஓ 2859 தரநிலையின் அட்டவணையைப் பார்த்தால், வழக்கமான ஆய்வு நிலையில் 1,201 முதல் 3,200 உருப்படி உள்ள லாட்டுக்கு (ஒன்றாக ஆய்வுக்கு வரும் தொகுதிக்கு) 125 எடுத்துப் பார்க்க வேண்டும். 7 குறை வரை ஏற்கலாம், 8 என்றால் நிராகரிப்பு. 125-இல் 7 என்பது 5.6 சதவீதம் ஆயிற்றே? காரணம் தற்செயல். லாட் முழுவதிலும் உண்மையாகவே 2.5 சதவீதம் குறை இருந்தால் 125-இல் சராசரியாக 3 வரும். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் 3 வராது. 1 வரலாம், 6-ம் வரலாம். வரம்பை 3 என்று வைத்தால் நல்ல லாட்டுகளில் பல அநியாயமாகத் திரும்பிவிடும். 7 என்று வைத்தால் அப்படிப்பட்ட லாட் நூற்றில் ஓரிரு முறைதான் தோற்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 2.5 சதவீதத்தைவிட மோசமான லாட்டும் சில சமயம் தப்பிவிடும். மாதிரி பார்த்து முடிவெடுக்கும் எந்த முறையிலும் இந்த இரண்டு அபாயங்களும் இருக்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும், இரண்டையும் சேர்த்துக் குறைக்க அதிக உருப்படிகளைப் பார்ப்பது ஒன்றே வழி.

ஒடிந்த ஊசித்துண்டு ஆடைக்குள் சிக்கிக்கொண்டால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வரம்பு பூஜ்யம். அதனால்தான் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புது ஊசி கொடுப்பார்கள். குழந்தைகளின் ஆடைகளைப் பெட்டியில் அடைக்கும் முன் ஒன்றுவிடாமல் உலோகம் கண்டறியும் கருவி வழியாக அனுப்புவதும் இதற்காகத்தான்.