கதவைப் பூட்டிய பிறகும் மினுங்கும் விளக்கு

காரின் கூரை விளக்கில் இருந்த பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்திய அன்றிரவு, வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அது முழுதாக அணையாமல் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மட்டமான சரக்கு என்று சொல்லி வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார், அதுவும் மினுங்கியது. பழைய பல்பையே திரும்ப மாட்டியபோதோ ஒளி சுத்தமாக அணைந்தது. அப்படியானால் புது விளக்கில்தான் கோளாறு என்று தோன்றும். உண்மையில் விளக்கிலும் கோளாறு இல்லை, வண்டியிலும் இல்லை.

பெரும்பாலான கார்களில் கூரை விளக்கின் பாசிட்டிவ் முனைக்கு ஃபியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கதவைத் திறக்கும்போது நெகட்டிவ் முனைதான் எர்த்துடன் இணைகிறது. முன்பு இந்த வேலையைக் கதவோரத்து சுவிட்ச் நேரடியாகச் செய்தது. இப்போது பல வண்டிகளில் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்னும் மின்னணுப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைச் செய்கிறது. பழைய சுவிட்சில் இரண்டு உலோகத் துண்டுகள் விலகி நடுவே காற்று நிற்கும். டிரான்சிஸ்டரைச் சுற்றியுள்ள சர்க்யூட்டிலோ, அது அணைந்திருக்கும் வேளையிலும் மெல்லிய மின்னோட்டம் கசிய வழியுண்டு. 5 வாட் குண்டு பல்பு முழுதாக எரிய ஏறக்குறைய 400 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதால், ஒரு மில்லி ஆம்பியர் கசிவில் அதன் மின்னிழை வெதுவெதுப்புகூட அடையாது. எல்.இ.டி.க்கோ இருட்டில் கண்ணுக்குத் தெரிய அதற்கும் குறைவானதே போதும். கசிவு முதல் நாளிலிருந்தே இருந்தது. காட்டிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதை மல்டிமீட்டரால் சோதிக்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டு, கதவுகளை மூடி, ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் பல வோல்ட் காட்டக்கூடும். சுவிட்ச் அணையவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டத் தோன்றும். மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் அத்தனை சொற்பம் என்பதால், கசிவே அதற்கு முழு விநியோகம்போலத் தெரிகிறது. குண்டு பல்பை மாட்டியபடி அதே இடத்தில் அளந்தால் வாசிப்பு சுழியத்துக்கு அருகே விழுந்துவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இன்றும் மீட்டரோடு ஒரு டெஸ்ட் லாம்பையும் (சோதிக்க ஒயர் கோத்த குண்டு பல்பு) பையில் வைத்திருப்பது பழைய பழக்கத்தால் மட்டுமல்ல.

தீர்வு, விளக்குக்கு இணையாக ஒரு கிலோ ஓம், அரை வாட் மின்தடை ஒன்றைப் பற்றவைப்பது. ஒரு மில்லி ஆம்பியர் கசிவு அந்தத் தடையின் வழியே போகும்போது அங்கே ஒரு வோல்ட்தான் எழும். விளக்குக்குள் வரிசையாகக் கோத்த மூன்று எல்.இ.டி.கள் ஒளிவிட அது எந்த மூலைக்கும் போதாது. விளக்கு எரியும்போது இந்தத் தடை கால் வாட்டுக்கும் குறைவாகவே சூடாகும் என்றாலும், பிளாஸ்டிக் மூடியை ஒட்டி வைக்காமல் இருப்பது நல்லது.

விளக்கு எரியவே இல்லையென்றால், முதலில் அதைத் திருப்பி மாட்டிப் பார்க்க வேண்டும். குண்டு பல்புக்குத் தலை, வால் கிடையாது, எல்.இ.டி. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும்.

சில வாரங்களிலேயே மங்குவதும் கருகுவதும் வேறு கதை. வெள்ளை எல்.இ.டி. என்பது மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீல எல்.இ.டி.யே, நீல ஒளியை உண்டாக்க ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் தேவை. மூன்றுக்கு 9 போக மிச்சத்தை உள்ளிருக்கும் சிறு மின்தடை தாங்குகிறது. என்ஜின் அணைந்திருக்கையில் பேட்டரி தருவது 12.6 வோல்ட், மிச்சம் 3.6. என்ஜின் ஓடுகையில் ஆல்டர்னேட்டர் அதை 14.4 வரை உயர்த்தினால், மிச்சம் 5.4. பேட்டரி முனையில் பார்த்தால் ஏழில் ஒரு பங்கு உயர்வுதான்; எல்.இ.டி.யின் மின்னோட்டமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, சூடேறினால் மின்னிழையின் தடை கூடித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், எல்.இ.டி.க்கு வேண்டிய வோல்ட்டேஜோ சூட்டில் குறைவதால் மின்னோட்டம் இன்னும் ஏறும். வெயிலில் நிறுத்திய காரின் கூரையடியில் இது நிகழ்வதை நினைத்துப் பார்த்தால், மின்னோட்டத்தைச் சீராக்கும் சிப் உள்ள விளக்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகத் தோன்றாது.

குலுங்கும் சாலையில் விளக்கு துடித்தால் ஹோல்டரின் வில்தகடுகளைச் சந்தேகிக்கலாம். 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று நீளங்கள் பல உள்ளன. சற்றே குட்டையான விளக்கு தளர்வாக உட்காரும். மின்னிழை, இடையில் நேரும் நொடிக்குள்ளான துண்டிப்புகளைத் தன் சூட்டாலேயே மறைத்துவிடும், எல்.இ.டி. ஒவ்வொன்றையும் காட்டும். எந்த வேலைக்கு முன்பும் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். விளக்கின் பின்புறப் பற்றவைப்பு உலோகப் பிரதிபலிப்பானில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

கதவை மூடியதும் மெல்ல மங்கும் வசதி உள்ள வண்டிகளில், மாட்யூல் வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை; நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து, எரியும் நேரத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே போகிறது. மின்னிழை அதைச் சராசரியாக்கிக்கொள்ளும். சிப் உள்ள சில எல்.இ.டி. விளக்குகளோ அந்தக் குறுகிய துடிப்புகளுக்குள் விழித்தெழ முடியாமல் படபடக்கும், அல்லது பாதியிலேயே அணைந்துவிடும். என் வண்டியில் மின்தடையை வைத்ததும் இரவு மினுக்கம் நின்றுவிட்டது. ஆனால் கதவை மூடினால் மெல்ல மெல்ல மங்கிய பழைய நடை போய், இப்போது விளக்கு டக்கென்று அணைகிறது.