ஃபேன் ஏன் பின்பக்கம் சுற்றுகிறது?

ஓடுகிற சீலிங் ஃபேனை மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பகல் வெளிச்சம் வேண்டும். மங்கலான அறையில் இறக்கைகள் இழுபட்டு வட்டமாகத்தான் தெரியும். வீடியோவில் ஃபேன் பின்பக்கமாகச் சுற்றினால் மொபைலைத் திட்ட வேண்டாம். எல்லாம் கணக்குதான்.

ஃபேன் நிமிடத்துக்கு 360 சுற்று, அதாவது விநாடிக்கு 6 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொபைல் விநாடிக்கு 30 படம் பிடிக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இறக்கை 72 பாகை முன்னேறியிருக்கும். இறக்கைகளுக்கு இடையே 120 பாகை. மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பவை. முதல் இறக்கை 72 பாகை முன்னே போனதா, பக்கத்து இறக்கை 48 பாகை பின்னே வந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. கண் கிட்டத்தில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, விநாடிக்கு 4 சுற்று, அதுவும் தலைகீழாக.

இப்போது ஸ்விட்சை அணையுங்கள். நிஜ ஃபேன் மெதுவாக ஆக ஆக, வீடியோ ஃபேன் பின்பக்கம் இன்னும் விரைகிறது! நிமிடத்துக்கு 300 சுற்றில் படத்துக்குப் படம் சரியாக 60 பாகை. ஆறு இறக்கை தெரியும், திசையே தெரியாது. அதற்குக் கீழே இறங்கியதும் ஒழுங்காகச் சுற்றும்.

300 சுற்றில் இறக்கைகளின் கோலம் விநாடிக்கு 15 முறை திரும்ப வருகிறது. 30-இல் சரிபாதி. இப்படிச் சீரான இடைவெளியில் எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்; இங்கே ஒவ்வொரு படமும். விநாடிக்கு எத்தனை முறை என்பது அலைவெண். சாம்பிள் எடுக்கும் வேகத்தில் பாதிக்குக் கீழே உள்ள அலைவெண்களை மட்டுமே நம்பலாம் என்பதுதான் விதி. 1928-இல் தந்தி பற்றி ஆராய்ந்த ஹாரி நைக்விஸ்ட்டின் பெயரில் அந்த எல்லை வழங்குகிறது. அதைத் தாண்டியவை வேறு வேடத்தில் வருவதற்குப் பெயர் ஏலியாசிங்.

சிடியில் விநாடிக்கு 44,100 சாம்பிள். 30,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று காதுக்குக் கேட்காது. ஆனால் அது அப்படியே உள்ளே நுழைந்துவிட்டால் 14,100 ஹெர்ட்ஸாகப் பதிவாகி, கேட்கவே ஆரம்பித்துவிடும். இரைச்சல் என்றால் பிறகு ஓரளவு சலித்து எடுக்கலாம். இதை முடியாது, ஏனென்றால் கிடைத்த எண்கள் அசல் 14,100-இன் எண்களேதான். அதனால்தான் எல்லைக்கு மேற்பட்ட அலைவெண்களைத் தடுக்கும் ஃபில்ட்டரைச் சாம்பிள் எடுக்கும் முன்பே வைக்கிறார்கள்.

சாம்பிள்களிலிருந்து அலைவெண்களைப் பிரித்தெடுக்க, ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற கணித அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட எஃப்எஃப்டி (Fast Fourier Transform) என்ற வேகமான கணக்கு முறை இருக்கிறது. இங்கே பலரும் சறுக்குவார்கள்: விநாடிக்கு எடுக்கும் சாம்பிளைக் கூட்டினால் அலைவெண் இன்னும் நுணுக்கமாகத் தெரியும் என்று. தெரியாது. நுணுக்கம் பதிவின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு விநாடிப் பதிவு என்றால் 1 ஹெர்ட்ஸ் படிகள், அவ்வளவுதான். 50.5 ஹெர்ட்ஸ் அலை அந்த ஒரு விநாடிக்குள் முழு அலைகளாக அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு, அதன் ஆற்றல் அக்கம்பக்கத்துப் படிகளிலெல்லாம் கசியும். பதிவின் இரு ஓரங்களிலும் அலையை மெல்லத் தேயவிட்டு அடக்கினால் தூரத்துப் படிகளுக்குப் போகும் கசிவு குறையும். பதிலுக்கு அந்த அலைவெண்ணைக் காட்டும் முகடு சற்று அகலமாகும்.

50-ஐயும் 50.2-ஐயும் பிரிக்க ஏறக்குறைய 5 விநாடிப் பதிவு வேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவருக்கு இது பழகிய விஷயம். இரண்டு தந்திகள் 0.2 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் 5 விநாடிக்கு ஒருமுறைதான் விம்மல் எழும், அதாவது ஒலி ஏறி இறங்கும். மீட்டிவிட்டு, பிருடையைத் தொடாமல் அவர் காத்திருப்பது அதற்காகத்தான்.