ஹெபடைடிஸ் சி மாத்திரை: அரசாங்கக் கிளினிக்கில் என்ன கிடைக்கும், எப்படிப் பெறுவது

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு மலேசியாவில் அரசாங்கச் செலவில் சிகிச்சை கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், தினமும் மாத்திரை, அவ்வளவுதான். ஊசி கிடையாது. ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. குடிமக்கள் கொடுக்க வேண்டியது வழக்கமான கட்டணம்தான்: கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) 1 ரிங்கிட், மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். மருந்துக்கென்று தனியாகக் காசு கேட்பதில்லை. இவ்வளவு நல்ல சிகிச்சை பக்கத்திலேயே இருந்தும், தேவைப்படுகிறவர்களில் பலர் பரிசோதனைக்கே போகாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த மாத்திரை இங்கே சும்மா வந்துவிடவில்லை. 2013 வரை சிகிச்சைக்கு அடிப்படை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். வாரம் ஒரு ஊசி, 24 முதல் 48 வாரம் வரை. காய்ச்சல், ரத்தசோகை, முடி கொட்டுதல், கடுமையான மனச்சோர்வு என்று பாதியிலேயே நிறுத்தியவர்கள் ஏராளம். அந்த ஆண்டு கிலியட் நிறுவனம் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 12 வார மருந்துக்கு அது வைத்த விலை 84,000 டாலர். சாதாரணக் குடும்பம் வீட்டை விற்றாலும் எட்டாத தொகை.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 84ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. பொதுநலனுக்குத் தேவையென்றால், காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அரசாங்கம் ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம், உரியவருக்கு நியாயமான ஈட்டுத்தொகை கொடுத்தால் போதும் என்று அது சொல்கிறது. 2003இல் எச்ஐவி மருந்துகளை இந்தியாவிலிருந்து மலிவாக இறக்குமதி செய்ய இதே பிரிவுதான் உதவியது. 2017 செப்டம்பரில் அது சோஃபோஸ்புவிருக்கும் பயன்படுத்தப்பட்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்ரமணியம். இந்த மருந்துக்கு அப்படி உரிமம் கொடுத்த முதல் நாடு மலேசியாதான். 2018இல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் அழுத்தத்துக்கு நடுவே எடுத்த துணிச்சலான முடிவு அது. அதன் பலனை நாம் முழுசாக அனுபவிக்க வேண்டும்.

சரி, யார் பரிசோதிக்க வேண்டும்? இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. 1989இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். தானமாக வரும் ரத்தத்தைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே 1990களின் நடுப்பகுதிக்கு முன்னால் பிரசவத்திலோ, அறுவை சிகிச்சையிலோ, விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தோட்டத்தில் வளர்ந்து இப்போது செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ பிள்ளைகளோடு இருக்கும் நம் அம்மாமார்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தவர்கள், அது ஒரே ஒரு முறையாக இருந்தாலும், எத்தனை வருஷத்துக்கு முன்பாக இருந்தாலும், கட்டாயம் போக வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்கள், சிறையில் இருந்தவர்கள், சுத்தம் செய்யாத ஊசியில் பச்சை குத்திக்கொண்டவர்கள், தொற்று உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஆகியோரும் இதில் சேர்த்தி. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. ஷேவிங் பிளேடையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

'எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே' என்று சொல்லிப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. வைரஸ் உடலில் தங்கிவிட்டால், 20 வருஷத்துக்குள் 100க்கு 15 முதல் 30 பேருக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிடுகிறது. அதற்கு மேல் புற்றுநோய் வரை போகலாம். கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி வைரஸை விரட்டுகிறது என்று சொன்னது உண்மை. ஆனால் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டி கொடுத்த கஷாயத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை நம்பி வருஷங்களைக் கடத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு ஐ.சி.யோடு (அடையாள அட்டை) போய், 'ஹெபடைடிஸ் சி பரிசோதிக்க வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். மைசெஜாத்ரா செயலியில் முன்கூட்டியே நேரம் பதிந்துகொள்ளலாம். முதல் சோதனை, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்ப்பது. அதில் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே கலங்க வேண்டாம். ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு உடம்பே வைரஸை ஆறு மாதத்துக்குள் விரட்டிவிடும். தழும்பு மாதிரி எதிர்ப்பொருள் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆகவே இரண்டாவது ரத்தச் சோதனை செய்து, வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவார்கள். இந்த இரண்டாவது சோதனைக்குத் திரும்பிப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். தேதி கொடுத்தால் அன்றைக்கு லீவு போட்டாவது போய்விடுங்கள்.

வைரஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதிப்பு குறைவென்றால் சில கிளினிக்குகளிலேயே குடும்ப மருத்துவ நிபுணர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். முற்றியிருந்தால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். கோலாலம்பூர் பக்கத்தில் கோலாலம்பூர் மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை, பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை போன்றவை. வழக்கமாகத் தருவது சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும், ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு மாத்திரை. கல்லீரல் இறுகியவர்களுக்கு 24 வாரம் வரை நீளலாம், அல்லது ரிபாவிரின் சேர்ப்பார்கள். 2021இல் ரவிடஸ்விர் என்ற இன்னொரு மருந்துக்கும் மலேசியா நிபந்தனையுடன் பதிவு கொடுத்தது. இங்கேயும் தாய்லாந்திலும் 301 பேரிடம் செய்த சோதனையில், சோஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுத்தபோது 97 விழுக்காட்டினர் குணமானார்கள்.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்புக்குச் சாப்பிடும் கார்பமாசெபின், பெனிட்டோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. நாட்டு மருந்து எடுப்பதையும் மறைக்க வேண்டாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, வைரஸ் குறையக் குறையச் சர்க்கரை அளவு இறங்கலாம். வழக்கத்தைவிட அடிக்கடி சோதித்துப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க மருத்துவக் காரணம் இல்லை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் எடுப்பவர்களும் இந்த மாத்திரையைச் சாப்பிடலாம்.

ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் இந்த நோயைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் எங்கே பரவுகிறது என்று கண்காணிக்கத்தான் அது. போலீஸ் புகார் இல்லை.

ஹெபடைடிஸ் பி வேறு கதை. அதற்குத் தடுப்பூசி உண்டு. 1989 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்குமே தவிர, பெரும்பாலும் ஒழிப்பதில்லை. எல்லாருக்கும் உடனே தேவைப்படாது. தொடங்கினால் பல வருஷம் போகும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஆபத்து. மாதாமாதம் பெரிய மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்கள் மருந்தக கவுண்டரில் 'ஸ்புப்' (SPUB) என்று கேட்டால், வீட்டருகே உள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே மருந்து வாங்க ஏற்பாடு செய்வார்கள். ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்குப் போகிறவர்களும், மாத்திரை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். சி வைரஸை விரட்டும்போது பி வைரஸ் கிளம்பிவிடலாம்.

வேலைக்கு வந்திருக்கும் இந்தியத் தமிழர்கள் போன்ற வெளிநாட்டவர்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் கிடையாது. தனிக் கட்டணம், அதுவும் பல மடங்கு. சோதனைக்கு முன்பே கவுண்டரில் செலவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது. அதில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணமானதாகக் கணக்கு. கல்லீரல் ஏற்கெனவே இறுகியிருந்தால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க வேண்டும். திரும்பவும் தொற்றலாம், அப்போது மறுபடி சிகிச்சை எடுக்கலாம். எதிர்ப்பொருள் சோதனை மட்டும் பல வருஷத்துக்குப் பாசிட்டிவ் என்றே காட்டும். நாளைக்கு ஒரு வேலைக்கான மருத்துவச் சோதனையில் இது தெரிந்து கேள்வி கேட்டால், அந்த 12 வார முடிவின் நகலைக் காட்டினால் போதும். கிளினிக்கில் கேட்டு ஒரு பிரதி வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.