ட்ரம்ஸ் சேர்த்தது பாடியவர்களுக்கே தெரியாது

புதிதாக ஆல்பம் போடும் இளைஞர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது வழக்கறிஞராக என் வேலையில் ஒரு பகுதி. ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், "பாட்டு நாங்க எழுதினதுதானே சார்" என்பார்கள். பாட்டு வேறு, அதன் ரெக்கார்டிங் வேறு. சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு தனித்தனிச் சொத்துகள். இதைச் சொல்லும்போதெல்லாம் சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர் ஜோடியின் கதைதான் எனக்குக் கைகொடுக்கிறது.

பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பள்ளியில் படிக்கும்போதே, 1957-ல், 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசைப் பட்டியலில் 49-வது இடம் வரை போனது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போனவர்கள், ஃபோக் எனும் நாட்டுப்புறப் பாணி இசையின் அலை எழுந்தபோது மறுபடி சேர்ந்தார்கள். கொலம்பியா ரெக்கார்ட்ஸின் தயாரிப்பாளர் டாம் வில்சனுக்கு அவர்கள் பாடியது பிடித்துப்போக, ஒப்பந்தம் கையெழுத்தானது. இருவருக்கும் அப்போது 22 வயது.

முதல் ஆல்பமான 'வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.' 1964 மார்ச்சில் பதிவாகி அக்டோபரில் வெளியானது. மொத்தம் 12 பாட்டு, அதில் ஐந்து சைமன் எழுதியவை. இழைந்து வரும் இரண்டு குரல்கள், கிட்டார், பின்னால் பாஸ், அவ்வளவுதான். பீட்டில்ஸ் அமெரிக்காவையே ஆட்டிப்படைத்த வருடம் அது. சுமார் 3,000 பிரதிகள் விற்று ஆல்பம் முடங்கியது. சைமன் இங்கிலாந்துக்குப் போய் ஃபோக் கிளப்புகளில் பாட ஆரம்பித்தார், கார்ஃபங்கல் படிப்புக்குத் திரும்பினார்.

ஆனால் அதிலிருந்த 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாஸ்டனிலும் ஃப்ளோரிடாவிலும் வானொலியில் விரும்பிக் கேட்கப்பட்டது. இது வில்சன் காதுக்கு எட்டியது. 1965 ஜூன் 15 அன்று ஸ்டுடியோ கலைஞர்களைக் கூப்பிட்டு, பழைய டேப்பின் மேலேயே எலெக்ட்ரிக் கிட்டார், பாஸ், ட்ரம்ஸ் சேர்த்துப் பதிவு செய்தார். பாடிய இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்: தாளவாத்தியம் இல்லாமல் பாடியதால் அவர்களுடைய வேகம் ஆங்காங்கே கொஞ்சம் இளகும், அந்த இடங்களில் ட்ரம்மர் அவர்களைப் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைப்பார். 1966 ஜனவரி 1 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடம்.

"நல்லதுதானே நடந்தது?" என்று கேட்பார்கள். உண்மைதான். அது நடக்காமல் இருந்தால் அவர்களுடைய கடைசி ஆல்பமான 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' வரை இருவரும் சேர்ந்து வந்திருப்பார்களா என்பதே சந்தேகம். வில்சனின் காது மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் டேப் கொலம்பியா கம்பெனியின் சொத்து என்பதால்தான் கேட்காமலே இதைச் செய்ய முடிந்தது. அதே அதிகாரம் ரசனை இல்லாத ஒருவர் கையில் இருந்திருந்தால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வரிக்கும் மெட்டுக்குமான உரிமை சைமனிடம் இருந்தது. 2021-ல், 79 வயதில், தன் பாடல்களின் உரிமையை சோனி மியூசிக் பப்ளிஷிங்குக்கு அவரே விலை பேசி விற்றார். கொலம்பியாவும் இப்போது சோனி குழுமத்தில்தான். ஆக, ரெக்கார்டிங்கும் பாட்டும் ஒரே குடும்பத்துக்குப் போய்விட்டன. ஆனால் ரெக்கார்டிங், பேரம் பேசத் தெம்பில்லாத வயதில் போட்ட கையெழுத்தில் போனது. பாட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்த பிறகு போனது.

நம் நாட்டில் காப்பிரைட் சட்டப்படி ரெக்கார்டிங்கின் முதல் உரிமையாளர் பொதுவாக அதன் தயாரிப்பாளர்தான், அதாவது பதிவுக்குப் பொறுப்பேற்று நடத்தும் ஆள் அல்லது கம்பெனி. 2012 திருத்தம் பாடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் கொஞ்சம் பலம் கொடுத்தது: தங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி பதிவைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம். ஆனால் ட்ரம்ஸ் சேர்த்ததெல்லாம் 'சிதைப்பு' என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது லேசான காரியமில்லை. அதனால் ரீமிக்ஸ், கூடுதல் வாத்தியம், விளம்பரப் பயன்பாடு எதுவானாலும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்வேன். பெரிய லேபிள்கள், அதாவது இசை வெளியிடும் கம்பெனிகள், சம்மதம் என்ற சொல்லை ஏற்கத் தயங்கும். முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற அளவுக்காவது இறங்கி வரச் செய்யலாம். காலமும் எல்லையும் எழுதாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற சொற்களை ஒப்பந்தத்தில் பார்த்தால், அங்கே நிறுத்தி இரண்டாம் முறை படியுங்கள்.

இரட்டையராகப் பாடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. 'டாம் அண்ட் ஜெர்ரி' காலத்திலேயே சைமன் கார்ஃபங்கலிடம் சொல்லாமல் வேறு பெயரில் தனி இசைத்தட்டு பதிவு செய்தார். அந்த வருத்தம் பல பத்தாண்டுகள் போகவில்லை. பாட்டு எழுதியவர் சைமன் என்பதால், பாட்டின் வருமானத்தில் எழுத்தாளர் பங்கும் அவருக்குத்தான். கார்ஃபங்கலின் குரல் இல்லாமல் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' இல்லை என்றாலும் அந்தப் பங்கில் அவருக்கு இடமில்லை. லேபிளிடம் போகும் முன்பே நீங்கள் இருவரும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எழுதியவருக்கு எவ்வளவு, பாடியவருக்கு எவ்வளவு, ஒருவர் தனியாகப் பாடலாமா, பாட்டை ஆன்லைனில் வெளியிடும் விநியோகக் கணக்கு யார் பெயரில். அவர்கள் 1970-ல் பிரிந்தபோது குழுவின் பெயருக்காகச் சண்டை போட அவசியமே வரவில்லை, ஏனென்றால் அது அவரவர் சொந்தப் பெயர். நீங்கள் யோசித்து ஒரு பெயர் வைத்திருந்தால், பிரிந்த பிறகு அது யாருக்கு என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.