நின்ற வண்டியில் ஓடும் மின்சாரம்

சென்ற மார்கழியில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஷெட்டில் இரவு நிறுத்தி வைத்த எங்கள் பழைய பிக்கப் வண்டி, பத்து நாள்களுக்குள் மூன்று முறை காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும் கேட்டது. ஒரு முறை சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். அடுத்த இரு முறையும் ஜம்பர் வயர் போட்டோம். பேட்டரியை மாற்றிவிடுங்கள் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேட்டரி வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

காலையில் பேட்டரி இறங்கியிருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: பேட்டரியே தேய்ந்திருக்கலாம், ஓடும்போது சரியாகச் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம், அல்லது நிற்கும்போது மின்சாரம் எங்கோ கசியலாம். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, இரவில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம், 12.0 என்றால் கால் பங்கு அளவே இருக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கினால் குற்றம் பேட்டரியுடையது. சேலத்துக் கோடை வெயில் பேட்டரியின் ஈயத் தகடுகளை விரைவாக அரிக்கிறது. அந்தத் தேய்மானம், எண்ணெய் கெட்டியாகி இன்ஜின் சுழலக் கனக்கும் ஏற்காட்டுக் குளிர்காலையில்தான் வெளியே தெரியவரும். எங்கள் பேட்டரியோ இரவு முழுவதும் 12.6-இலேயே நின்றது. இன்ஜின் ஓடும்போது டெர்மினல்களில் 14.1 வோல்ட் இருந்ததால் சார்ஜும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே மிஞ்சியது கசிவு.

நிறுத்திய வண்டியிலும் சிறிது மின்சாரம் ஓடுவது இயல்பே. கடிகாரம், ரேடியோவின் நினைவகம், புதிய வண்டிகளில் இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி போன்றவை சேர்ந்து 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். 0.05 ஆம்பியர் என்று கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) செலவாகும். 65 ஆம்பியர்-மணிப் பேட்டரி பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். அணைக்க மறந்த 10 வாட் கேபின் விளக்கு ஒன்று பன்னிரண்டு மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும்.

கசிவை அளக்க, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராக இணைக்க வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. டீசல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், மீட்டர் தாங்காது. புதிய வண்டிகளில் கதவுகளைப் பூட்டி அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இசியுக்கள் உறங்கும் முன் எடுக்கும் அளவு நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும். எங்கள் வண்டியில் மீட்டர் 1.8 ஆம்பியர் காட்டியது. ஓர் இரவுக்கு 20 ஆம்பியர்-மணிக்கு மேல் கரைகிறது என்று பொருள்.

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறது என்று பார்த்தேன். பின்னாளில் பொருத்திய மியூசிக் பிளேயர், ஜிபிஎஸ் கருவி, ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆகியவை பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே அகப்பட்டுவிடும். இங்கே எல்லா ஃபியூஸ்களையும் எடுத்த பிறகும் 1.8 அசையவில்லை. அப்படியானால் மின்சாரம் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை. பேட்டரியிலிருந்து தடித்த கேபிளில் நேராக ஆல்டர்னேட்டருக்கு, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிக்கு, போகக்கூடும்.

குளிர்ந்து கிடந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டர் மட்டும் உள்ளங்கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அதன் பின்புற பேரிங் அருகே 10 எம்எம் ஸ்பேனரைக் கொண்டு போனேன். 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பகுதியான ரோட்டர், மின்சாரம் பாயும்போதுதான் வலுவான காந்தமாகும்; சாவி போடாத வண்டியில் அது அப்படி இருக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் டயோடுகள், பேட்டரியின் மின்சாரம் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் ஒருவழிக் கதவுகளாகவும் இருக்கின்றன. பாசிட்டிவ் பக்கத்து டயோடு ஒன்று ஷார்ட் ஆனால், மின்சாரம் ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் கம்பிச்சுருளுக்குள் புகுந்து, ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு டயோடுகள் வழியே ரோட்டர் சுருளை அடைந்து எர்த்துக்கு இறங்கிவிடும். அந்தச் சிறு டயோடுகள் உள்ள பழைய வகை ஆல்டர்னேட்டர்களில் இப்படி நேரும்போது, சாவியை எடுத்த பிறகும் டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கு மங்கலாக எரியலாம். அன்றிரவு ஷெட்டை இருட்டாக்கிப் பார்த்தபோது எங்கள் வண்டியிலும் அது எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்க வாய்ப்பில்லை.

பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, மறுபடி அளந்ததும் அளவு 0.02-க்கு விழுந்தது. சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் டயோடு பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

பேட்டரிக்கும் தனியாகக் கவனம் தேவைப்பட்டது. ஆழமாக இறங்கிய பேட்டரியில் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்துவிடும். அப்படியே விட்டால் அது கரையாத படிகமாகி, கொள்ளளவை நிரந்தரமாகக் குறைத்துவிடும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலான முப்பது கிலோமீட்டர் ஓட்டம் காலியான பேட்டரியை நிரப்பப் போதாது. அதனால் அதைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, 6 ஆம்பியர் வேகத்தில் ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிய பிறகே வண்டியில் மாட்டினோம்.