ஏடிபியை உருவாக்கும் சுழல் நொதி

குளுக்கோஸைத் தீயிலிட்டால் அதிலுள்ள ஆற்றல் அனைத்தும் ஒரே மூச்சில் வெப்பமாக வெளியேறிவிடும். உயிரணுவோ அதே குளுக்கோஸை நொதிகளின் நீண்ட வரிசையைக் கொண்டு படிப்படியாகச் சிதைத்து, கிடைக்கும் ஆற்றலின் ஒரு பகுதியை ஏடிபி (ATP) என்னும் மூலக்கூறில் சேர்க்கிறது. ஒரு நாளில் நம் உடல் செலவிடும் ஏடிபி முழுவதையும் கூட்டினால் அது ஏறத்தாழ நம் எடையையே எட்டும். உடலில் எந்நேரமும் இருப்பதோ அதில் மிகச் சிறு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூலக்கூறும் நாள்தோறும் பல நூறு முறை சிதைந்து மீண்டும் உருவாகியாக வேண்டும்.

இந்த வேலையின் பெரும்பகுதி உயிரணுவுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் நடக்கிறது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிக் கைமாறிச் செல்லும்போது, அவற்றைக் கடத்தும் நொதிகள் புரோட்டான்களைச் சவ்வின் வெளிப்புறத்துக்குத் தள்ளுகின்றன என்று 1961இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த கருத்தைப் பலர் நெடுநாள் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட்தான் என்றாலும், சவ்வு சில நானோமீட்டர் தடிப்பே உடையது என்பதால் அங்கு நிலவும் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 3 கோடி வோல்ட் ஆகும்.

திரும்பி வரும் புரோட்டான்களுக்கு வழிவிடுவது ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதி. அவை நுழையும்போது சவ்வில் பதிந்துள்ள வளையமும் அதனோடு இணைந்த தண்டும் சுழல, தண்டின் மேல்முனையைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் தலைப்பகுதியின் 3 வினைத்தளங்களும் அடுத்தடுத்து உருமாறுகின்றன. பால் போயர் கண்டறிந்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது: இறுகிய தளத்தில், ஒரு பாஸ்பேட் குறைந்த மூலக்கூறான ADPயும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏடிபி (ATP) ஆவதற்கு ஆற்றல் ஏறக்குறையத் தேவையே இல்லை, உருவான ஏடிபியைத் தளத்திலிருந்து விடுவிக்கத்தான் சுழற்சியின் ஆற்றல் செலவாகிறது. ஜான் வாக்கர் 1994இல் வெளியிட்ட படிக அமைப்பில் 3 தளங்களும் வெவ்வேறு நிலைகளில் இருந்தது இதற்கு வலுச் சேர்த்தது. 1997இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் தலைப்பகுதியைக் கண்ணாடியில் பொருத்தி, தண்டில் ஆக்டின் என்னும் புரதத்தாலான ஒளிரும் இழையை இணைத்து, நொதி ஏடிபியைச் சிதைக்கும்போது அந்த இழை சுழல்வதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தனர்.

புரோட்டான்கள் இந்த நொதியைத் தவிர்த்து வேறு வழியில் திரும்பினால் ஏடிபி உருவாகாது, ஆற்றல் வெப்பமாகிவிடும். பச்சிளங்குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பில் ஒரு தனிப் புரதம் அத்தகைய வழியைத் திறந்து உடலைக் கதகதப்பாக வைக்கிறது. 1930களில் எடை குறைக்க விற்கப்பட்ட டைநைட்ரோபீனாலும் அதையே செய்தது. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு ஏதும் இல்லாததால் உடல் வெப்பம் எல்லை மீறிப் பலர் இறந்தனர்.