கன் ரைட்ஸ்: தமிழில் துப்பாக்கி உரிமையா, உரிமமா?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் மறுநாள் நம் செய்திகளில் இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். ஒரு பத்தியில் "துப்பாக்கி உரிமை", அடுத்த பத்தியில் "துப்பாக்கி உரிமம்". இரண்டும் ஒன்றுதானே என்று எழுதுகிறவரும் நினைக்கிறார், படிக்கிறவரும் நினைக்கிறார். ஒன்றில்லை. அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் போய் இரண்டும் ஒன்று என்று சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார், ஏனென்றால் அவர்கள் நாட்டில் நடக்கிற தகராறில் பாதி இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

உரிமத்தில் ஆரம்பிப்போம், அது நமக்குத் தெரிந்த சங்கதி. தமிழ்நாட்டில் துப்பாக்கி வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியருக்கு மனுப் போட வேண்டும், சென்னையானால் போலீஸ் கமிஷனருக்கு. எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும், காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள், கிடைத்தாலும் காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் "உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஆட்சியரின் அறிவிப்பு பேப்பரில் வந்துவிடும். எஸ்டேட்காரர், நகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ராணுவத்தார் எல்லாரும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருவார்கள், தேர்தல் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இதற்காக யாரும் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை. இதே அறிவிப்பை டெக்சாஸில் ஓர் அதிகாரி வெளியிட்டால், அடுத்த தேர்தலுக்கு அவர் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: உரி. உரியது, உரியவன், உரித்தானது எல்லாம் அதில் கிளைத்தவை. உரிமை பழைய சொல், குறளிலேயே இருக்கிறது: "வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்." அங்கே அதற்குத் தகுதி என்பதுதான் பொருள், ஆளை ஆராய்ந்து, இவன் இந்த வேலைக்குத் தகுந்தவன் என்று கண்ட பிறகு பொறுப்பைக் கொடு என்கிறார் வள்ளுவர். வேடிக்கை என்னவென்றால், இன்றைய கணக்கில் அது லைசென்ஸ் கொடுக்கிற முறை! லைசென்ஸுக்கென்று 'உரிமம்' என்பதை ஆட்சித்தமிழ் பிற்பாடு எடுத்துக்கொண்டது. உரிமை என்ற சொல்லோ, யாரும் கொடுக்காமலே நம்மிடம் இருப்பது என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

சரி, அமெரிக்கச் சொல்லுக்கு வருவோம். 'கன் ரைட்ஸ்' என்பது பேச்சில் வழங்கும் சுருக்கம்தான். அதற்கு மூலம் அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் உள்ள 'ரைட் டு கீப் அண்ட் பேர் ஆம்ஸ்' என்ற தொடர். 1791 டிசம்பர் 15-ல் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மொத்தமே 27 ஆங்கிலச் சொற்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "நன்கு ஒழுங்குற்ற குடிப்படை, சுதந்திர அரசொன்றின் பாதுகாப்புக்குத் தேவையாதலால், படைக்கலம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது." கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். "இந்த உரிமை வழங்கப்படுகிறது" என்று அதில் இல்லை. ஏற்கெனவே இருப்பதாகவே பேசி, அதில் கைவைக்காதே என்று அரசைப் பார்த்துச் சொல்கிறது. அரசமைப்புக்கும் முந்தியது எங்கள் உரிமை, நீ கொடுத்தாயா நீ பிடுங்குவதற்கு என்று அவர்கள் கேட்பது இந்த வாசக அமைப்பை வைத்துத்தான். இதற்கும் முன்னால் 1689-ல் இங்கிலாந்தின் உரிமைச் சாசனத்திலேயே ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது, ஆனால் புராட்டஸ்டண்டுகளுக்கு மட்டும், அவரவர் அந்தஸ்துக்கு ஏற்றபடி, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு.

'பேர் ஆம்ஸ்' என்றால் என்ன என்பதில்தான் பெரிய வழக்கு. 'பேர்' என்பது சுமத்தல், ஏந்துதல். 'ஆம்ஸ்' லத்தீன் 'ஆர்மா'விலிருந்து வந்தது, படைக்கலம். ஆனால் இரண்டும் சேர்ந்தால் வெறுமனே ஆயுதத்தைக் கையில் எடுத்தல் என்றும் கொள்ளலாம், போருக்குப் போதல் என்றும் கொள்ளலாம். 2008-ல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று பிளந்தது இங்கேதான். டிக் ஹெல்லர் தலைநகர் வாஷிங்டனில் அரசுக் கட்டிடத்துக் காவலர். பகலில் வேலையில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நிற்பார், வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள நகரச் சட்டம் விடவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, ஏந்துதல் என்றால் தனியாள் தன் தற்காப்புக்கு ஏந்துவதுதான் என்றார். நீதிபதி ஸ்டீவன்ஸ், அந்தக் காலத்து வழக்கில் அது படைப்பணியைக் குறிக்கும் மரபுத்தொடர், ஆகவே குடிப்படைக்கு வெளியே அது செல்லாது என்று எதிர்த்து எழுதினார்.

இந்த இரட்டைப் பொருள் தமிழருக்கு எளிதாகப் புரிய வேண்டும். நம் 'படை' என்ற சொல்லே இப்படிப்பட்டதுதான். "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" என்னும்போது படை என்பது ஆயுதம். கும்பிடும் கைக்குள் சேனை ஒளிந்திருக்காது. நாற்படை என்னும்போது அது சேனை. 'படையெடுத்தான்' என்பதைப் பிரித்தால் ஆயுதத்தை எடுத்தான் என்று ஆகும், ஆனால் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை, இன்னொருவன் நாட்டுக்குச் சண்டைக்குப் போனான் என்றே கொள்கிறோம். ஸ்காலியா சொல்லைப் பிரித்துப் படித்தார், ஸ்டீவன்ஸ் சேர்த்துப் படித்தார். என் கட்சியைக் கேட்டால், சொல்லாராய்ச்சி அளவில் ஸ்டீவன்ஸ் பக்கம்தான் கனம் அதிகம், ஆனால் கூடவே 'கீப்' என்ற சொல்லும் இருக்கிறதே, வீட்டில் வைத்திருப்பதற்கு மரபுத்தொடர் எதுவும் வேண்டியதில்லை.

திருத்தத்தில் குடிப்படை என்று நான் தமிழாக்கிய 'மிலிஷியா'வுக்கு நம் செய்திகளில் வரும் 'ஆயுதக்குழு' இங்கே பொருந்தவே பொருந்தாது. 'ஊர்க்காவல் படை' என்றால் தமிழ்நாட்டில் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர்கள், இலங்கைத் தமிழருக்கோ அது போர்க்காலத்துக் கசந்த நினைவு. ஆகவே குடிப்படை என்றே வைத்துக்கொள்கிறேன், குடிமக்களே படை. 1792-ல் வந்த சட்டம் 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் அதில் சேர வேண்டும் என்றது, துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, தோட்டாப் பை எல்லாம் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் பட்டியல் போட்டது.

துப்பாக்கி உரிமைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு உணர்ச்சி? 1775 ஏப்ரல் 19-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாசசூசெட்ஸில் கான்கார்ட் என்ற ஊரில் குடியேற்றக்காரர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கைப்பற்றப் போனபோதுதான் விடுதலைப் போரின் முதல் குண்டு வெடித்தது. அரசு ஆயுதத்தைப் பறிக்க வருகிறது என்பது அவர்களுக்கு நாடு பிறந்த கதை, ஆரம்பப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். அதற்குமேல் குடும்பம், ஊர், பழக்கம்: பென்சில்வேனியாவில் மான் வேட்டைப் பருவத் தொடக்கத்தையொட்டிப் பல பள்ளிகள் லீவு விடுவது நெடுநாள் வழக்கம், தாத்தாவின் ரைபிள் பேரனுக்கு வருகிறது. கிராமப்புறத்தில் போலீஸ் வந்துசேர நேரமாகும் என்ற பயமும் உண்டு. 2005-ல் கொலராடோவின் காஸில் ராக் ஊர் வழக்கில், நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்கும் அரசமைப்பு உரிமை குடிமகனுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னதை எடுத்துக் காட்டுவார்கள்.

கறுப்பினத்தாரின் கதை இன்னும் கனமானது, உரிமைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் கண்ணில் அறைகிற மாதிரி தெரிகிறது. அடிமை முறை ஒழிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் உள்ளூர் நிர்வாகத்தின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அந்த உரிமம் யார் கையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1956-ல் அலபாமாவில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள்; அதன்பின் துப்பாக்கி எடுத்துச்செல்ல அவர் உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1967-ல் பிளாக் பேந்தர் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றக் கட்டிடத்துக்குள் நடந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச்செல்லத் தடைவிதிக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது, கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

கட்டுப்பாடு கேட்கும் எதிர்ப்பக்கத்து உணர்ச்சியும் குறைந்ததில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 20 குழந்தைகள், பெரியவர்கள் 6 பேர். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். 2021-ல் மட்டும் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இந்தத் தற்கொலைக் கணக்கைத்தான் இரண்டு தரப்பும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

சொல்லிலேயே கட்சி தெரிந்துவிடும். ஒருவர் 'கன் கண்ட்ரோல்' என்கிறார், அதே சட்டத்தை ஆதரிக்கிறவர் 'கன் சேஃப்டி' என்கிறார். ஏஆர்-15 என்ற ரைபிளின் பெயரில் 'ஏஆர்' முதலில் அதைச் செய்த ஆர்மலைட் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம், 'அசால்ட் ரைபிள்' என்று யாராவது விரித்தால் துப்பாக்கிக்காரர்கள் அதற்குமேல் பேச்சைக் கேட்கவே மாட்டார்கள். நம் பேப்பர்கள் அதைத் 'தானியங்கித் துப்பாக்கி' என்று எழுதுவதும் தப்பு. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அரைத் தானியங்கி என்று எழுதலாம்.

துப்பாக்கி உரிமைக்காரர்களின் கூட்டங்களில் காந்தியின் வரி ஒன்றும் அடிபடும்: பிரிட்டிஷ் ஆட்சியின் தீங்குகளில் மிகக் கறுப்பானதாக, நாட்டையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தை வரலாறு கருதும் என்ற வரி. காந்தி எழுதியதுதான், ஆனால் முதல் உலகப்போரில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில் எழுதியது. அவர் சொன்னது 1878-ன் ஆயுதச் சட்டத்தை. தெற்கே அதற்கும் முன்பே, பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் கும்பினி அரசு ஆயுதங்களைத் தடைசெய்து பிரகடனம் போட்டிருந்தது. இந்த எரிச்சலால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் ஏந்தும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் 1948-ல் அரசமைப்பு அவையில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கச் சொன்னபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. வற்புறுத்த வேண்டியது ஆயுதம் ஏந்தும் உரிமையை அல்ல, ஆபத்தில் அரசு அழைத்தால் ஏந்தும் கடமையை என்றார். கடைசியில் நம் அரசமைப்பின் 19-ஆம் பிரிவில் ஆயுதம் என்ற சொல் வந்தது, "ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை" என்று.

துப்பாக்கி என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். துருக்கியின் 'டுஃபெக்', பாரசீகத்தின் 'துஃபங்' ஆகியவற்றுக்கு உறவு. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி', மலையாளத்தில் 'தோக்கு'. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று குறளில் வருகிறதே என்று சிலர் மார்தட்டுவார்கள், அது 'உணவை ஆக்கி' என்று பொருள்படும் மழைக் குறள், வெடிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'சுடுகலன்' நல்ல ஆக்கம், ஈழத்தமிழர் எழுத்தில் பார்க்கலாம். ஆனால் துப்பாக்கி நம் வாயில் ஊறிவிட்டது, விடுங்கள்.

ஆக, பேச்சுக்குத் 'துப்பாக்கி உரிமை' போதும். இரண்டாம் திருத்தத்தைக் குறிக்கும்போது 'படைக்கலம் ஏந்தும் உரிமை' என்று எழுதுங்கள், மூலத்தில் துப்பாக்கி என்ற சொல்லே இல்லை. லைசென்ஸ், பெர்மிட் என்று வந்தால் மட்டும் 'உரிமம்'. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 புரூவன் தீர்ப்புச் செய்தியை இந்த வேறுபாடு இல்லாமல் எழுதவே முடியாது: தனிக் காரணம் காட்டினால்தான் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச்செல்ல உரிமம் என்று நூறாண்டுக்கு மேலாக வைத்திருந்த நியூயார்க் மாநிலத்திடம், உரிமைக்குக் காரணம் கேட்காதே, ஆனால் உரிமம் வாங்கச் சொல்வதில் தடையில்லை என்றது நீதிமன்றம்.